‘வரட்டுமா’வுக்குப் பின் நாற்பத்தொரு விநாடி

ஸ்டூடியோவில் அவருக்கு ‘ஒருவேலை’ என்று பெயர். லகரத்தையும் ளகரத்தையும் பிரித்துச் சொல்லப் பொறுமையில்லாதவர்கள் வாயில் அது ‘ஒருவேளை’ ஆகிவிடும். உண்டு, இல்லை என்ற இரண்டைத் தவிர மூன்றாவது பதில் அறியாத மனிதருக்கு இப்படி ஒரு பெயர் அமைந்ததில் அவரைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம். ஒருவேளைதான் சாப்பிடுகிறார் போலிருக்கிறது, பாவம், என்று பிஸ்கட் பாக்கெட்டை நீட்டியவர்களும் உண்டு. அவருடைய உடல்வாகும் அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்தது.

உண்மைக் காரணம் வேறு. அவர் எழுதும் மென்பொருள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலைதான் செய்யும். ‘பேர்மாத்தி’ என்று ஒன்று. கேமரா தன் இஷ்டத்துக்கு எண் போட்டுத் தரும் படங்களுக்கு, எடுத்த நாளையும் நேரத்தையும் பெயராக வைக்கும். ‘விட்ட இடம்’ என்று ஒன்று. நீண்ட ஒலிப்பதிவை நீங்கள் எந்த விநாடியில் நிறுத்தினீர்களோ, அந்த விநாடியை ஞாபகம் வைத்துக்கொள்ளும். வேறெதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. ‘கண்மூடி’, கண் மூடியிருக்கும் படங்களைப் பொறுக்கி வெளியே தள்ளும். ‘வெட்டி’, ஒலிப்பதிவில் பேச்சில்லாத இடங்களை வெட்டி எறிந்துவிட்டுப் பேச்சை மட்டும் ஒட்டித் தரும். முப்பது நிமிடப் பேச்சைப் பத்தொன்பது நிமிடத்தில் கேட்டு முடிக்கலாம். மிச்சமாகும் பதினோரு நிமிடத்தை என்ன செய்வது என்று அவரிடம் கேட்கக் கூடாது. அது இரண்டாவது வேலை.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. பதினோரு வருடம் அவர் ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தார். புகைப்படத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்யும் ஒரு மென்பொருள் அங்கே தயாரானது. அதன் திரையில் முந்நூற்று நாற்பது பொத்தான்கள். அவர் பொறுப்பில் இருந்தது ஒன்று: படத்தை இடப்பக்கம் திருப்பும் பொத்தான். ஒருநாள் கூட்டத்தில் யாரோ, வலப்பக்கம் மூன்று முறை திருப்பினாலும் படம் அதே நிலைக்குத்தான் வருகிறது என்று கண்டுபிடித்தார். பொத்தானை எடுத்துவிட்டார்கள். பொத்தான்காரரை என்ன செய்வது என்பது அடுத்த கூட்டத்தில் முடிவானது.

அதன்பிறகு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் கட்டில். மற்றதில் மேஜை, கணினி, இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலியில் அவர் உட்காருவார். இன்னொன்றில் பிரிண்டர் உட்கார்ந்திருக்கும். யாராவது வந்தால் பிரிண்டரைத் தரையில் இறக்க வேண்டும். நான்கு வருடமாகப் பிரிண்டர் இறங்கவில்லை.

மென்பொருள்களை ஒரு இணையப் பக்கத்தில் இலவசமாக வைத்திருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். கடிதம் எழுதியவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் இரண்டாவது வேலை கேட்டவர்கள். ஒன்பதாவது ஆள் ‘நன்றி’ என்று ஒரே சொல் எழுதியிருந்தார். ‘எதற்கு?’ என்று பதில் போட்டார் நம்மவர். வெட்டிக்கா, கண்மூடிக்கா என்று தெரிந்துகொள்ளும் அக்கறையில் கேட்டதுதான். அந்த ஆள் மறுபடி எழுதவில்லை.

காலை பத்திலிருந்து இரண்டு வரை பக்கத்துத் தெரு ஸ்டூடியோவில் வேலை. நடத்துவது ஒரு அம்மா; நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒரு நிகழ்ச்சிக்குப் போனால் ஆயிரம் படம் எடுக்காமல் திரும்பமாட்டார். அந்த ஆயிரத்தைக் கொடுக்கத்தக்க முந்நூறாக்குவது இவர் பொறுப்பு. தன் மென்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். அதுதான் வேலை. அதை அவரளவுக்கு ஒழுங்காக வேறு யாரும் செய்ய முடியாது என்று ஸ்டூடியோக்காரம்மாவே சொல்லியிருக்கிறார். பாராட்டா என்பது உறுதியில்லை.

உறவு என்று அவருக்கு மிச்சமிருந்தது ஒரு அக்கா. ஒன்பது வயது மூத்தவர். ரயிலில் ஒரு ராத்திரி தூரம். மொழிப்பாட ஒலிப்பதிவுகளில் கேள்வி கேட்கும் குரலாக முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ‘உங்கள் பெயர் என்ன?’, ‘ரயில் நிலையம் எங்கே இருக்கிறது?’ என்று ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களைக் கேட்டவர். அவரோடு பதில் சொல்லும் குரலாக இன்னொரு அம்மா இருந்தார். அலுவலகத்தில் இவர் கேள்விக்காரி, அவர் பதில்காரி. கேள்விக்காரியின் வீட்டிலோ கேள்வி கேட்க ஆளில்லாமல் போனது. அத்தான் நான்கு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை.

முதலில் தொலைபேசியில்தான் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டார்கள் என்பதில் பன்மை கொஞ்சம் அதிகம். மூன்று மாதத்தில் அக்காவுக்கு அலுத்துவிட்டது.

“உன் ‘ம்’மைக் கேக்கறதுக்கு எதுக்குடா போன்? அதை நானே சொல்லிக்குவேன். நான் பேசி அனுப்பறேன். நீ சாவகாசமா உக்காந்து கேளு.”

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு ஒலிப்பதிவு. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டரை அவர் ஏற்பாடு செய்து கொடுத்தார். அக்கா தன் செல்பேசியில் பேசி முடித்ததும் கோப்பு அதில் வந்து விழும். விழுந்த மறுநிமிடம் வெட்டி அதை வெட்டி, பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதிவிடும். பழையதையும் பத்திரப்படுத்துவது என்பது இரண்டாவது வேலை. தன் பதிவு இளைத்துப்போவது அக்காவுக்குத் தெரியாது. முப்பது வருடம் தன் குரலையே கேட்டுச் சம்பாதித்தவர். சும்மா கிடைத்தாலும் இனி கேட்கமாட்டார்.

ஞாயிறு பதினோரு மணிக்கு, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே அவர் கேட்பார். துணி முடிவதற்குள் அக்கா முடிந்துவிடுவார். முட்டி வலி, ஒழுகும் குழாய், பிள்ளைகள் ஆளுக்கொரு தேசத்துக்குப் போய்விட்டதால் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் பதில்காரி, மகனுக்காக வீட்டைத் திருப்பிக் கேட்கும் வீட்டுக்காரர். எல்லாம் மூச்சு விடாமல் வரும். மூச்சைத்தான் வெட்டி எடுத்துவிட்டதே. கடைசியில் “சரி தம்பி வரட்டுமா சரி வச்சிடறேன்” என்று முடியும். அவர் ‘கேட்டேன்’ என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார். உற்சாகமான வாரங்களில் ‘கேட்டேன். நலம்.’

அக்காவின் பதிவுகளில் வெட்டிக்கு நல்ல தீனி. மற்றவர்கள் பேச்சில் பத்து, பன்னிரண்டு சதவீதம் வெட்டினால் அதிகம். அக்காவிடம் முப்பத்தேழு. அந்த எண்ணைத் தன் இணையப் பக்கத்தில், மென்பொருளின் திறமைக்குச் சான்றாகப் போட்டுவைத்தார்.

இப்படியே போயிருக்கும். ஒரு பேருந்து ஓட்டுநர் ஓய்வு பெற்றதால் போகவில்லை.

பணி ஓய்வு விழாப் படங்களை வாங்கிப்போன ஓட்டுநரின் மகள் மறுநாளே திரும்பி வந்தார். ஆல்பத்தை மேஜையில் விரித்தார்.

“அப்பா நூத்திப்பத்து படத்துல இருக்கார். எல்லாத்துலயும் லைசென்ஸுக்குப் போஸ் கொடுக்கிற மாதிரியே இருக்கார். அன்னிக்கு முழுக்க சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாரு. ஒரு சிரிப்புகூடவா கிடைக்கல?”

ஸ்டூடியோக்காரம்மா திரும்பிப் பார்த்தார். “அண்ணா, கண்மூடி என்ன பண்ணிச்சு?”

“கண் மூடியிருந்ததை எடுத்துடுச்சு.”

“எத்தனை?”

“தொண்ணூத்தி நாலு.”

நல்லவேளை, கேமராவின் மெமரி கார்டை இன்னும் அழித்திருக்கவில்லை. போட்டுப் பார்த்தார்கள். ஓட்டுநர் சிரித்தால் கன்னம் மேலேறிக் கண் காணாமல் போய்விடுகிறது. தொண்ணூற்று நான்கு படத்திலும் மனிதர் கண்ணை இறுக்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். மகளுக்கும் சிரிப்பு வந்தது. அவருக்கும் கண் மூடிக்கொண்டது.

மகள் போன பிறகு ஸ்டூடியோக்காரம்மா சொன்னார், “சிரிச்சா கண்ணு மூடிக்கிற ஆளுங்களும் இருக்காங்கண்ணா.”

“கண்ணு மூடியிருந்துச்சா, இல்லையா?”

“மூடியிருந்துச்சு.”

“அப்ப அது சரியாத்தான் பண்ணியிருக்கு.”

“சரியாத்தான் பண்ணியிருக்கு. தப்பாப் பண்ணியிருந்தா ஒண்ணு ரெண்டு சிரிப்பாவது தப்பிச்சிருக்கும். நீங்க என்னிக்காவது சிரிச்சிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.”

அவர் இரண்டு மணிக்குக் கிளம்பி, வழியில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடை முன்னால் கொஞ்சம் நின்றார் என்று அந்தக் கடைக்காரர் பிற்பாடு சொன்னார். சிரித்துப் பார்த்தாரா என்று கடைக்காரருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அந்த ஞாயிறு அக்காவின் பதிவு வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. துணி மடிக்க வெகுநேரம் பிடித்தது. ‘பதிவு வரவில்லை’ என்று செய்தி அனுப்பினார். வழக்கம்போலச் சுருக்கமாக. அக்காவின் பதிலும் அன்று சுருக்கமாக இருந்தது.

‘பேச ஒன்றுமில்லை. வீட்டைக் காலி செய்கிறேன். புது முகவரி பிறகு தருகிறேன்.’

அதை மூன்று முறை படித்தார். அக்கா எங்கே போகிறார்? தன்னிடம் ஏன் சொல்லவில்லை? ஒரே உறவு, முகவரி பிறகு தருகிறேன் என்று, பால்காரருக்குச் சொல்வதுபோலச் சொல்கிறதே. எழுந்து போய்க் கடைசி சில மாதப் பதிவுகளை மறுபடி கேட்டார். எல்லாம் முன்பு கேட்டதுதான். வீட்டுக்காரர் கேட்கிறார், வேறு வீடு பார்க்கணும், இந்த முட்டியோடு மாடி ஏற முடியாது, வரட்டுமா சரி வச்சிடறேன்.

அப்போதுதான் ஸ்டூடியோவில் கேட்ட கேள்வி அவருக்குத் திரும்பி வந்தது. கண்மூடி என்ன பண்ணிச்சு? அந்தக் கேள்வியை வெட்டியிடம் அவர் கேட்டதே இல்லை.

கேட்க வழியிருந்தது. பழைய நிறுவனத்துப் பழக்கம்: எந்த மென்பொருள் எழுதினாலும், அது என்னென்ன செய்தது என்று ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிவைக்கும்படி செய்வார். வெட்டி, மௌனத்தை எறிந்துவிட்டு அதன் அளவை மட்டும் பத்திரமாக வைத்திருந்தது. எந்த விநாடியில் வெட்டியது, எத்தனை விநாடி வெட்டியது. அவர் குறிப்பை ஒரு பக்கமும் பதிவை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு ஒத்துப்பார்த்தார்.

மௌனங்கள் எங்கே வேண்டுமானாலும் விழவில்லை. ‘சாப்பிட்டியா?’ இதற்குப் பின் மூன்று விநாடி. ‘அந்த இருமல் என்னாச்சு?’ ஐந்து விநாடி. ‘யார்கூடயாவது பேசறியாடா?’ எட்டு. கேள்வி இல்லாத இடத்தில் ஒரு மூச்சளவுக்கு மேல் மௌனமே இல்லை.

அவருக்குப் பன்னிரண்டு வயதில், பள்ளி விடுமுறைகளில் அக்காவோடு ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போனது ஞாபகம் வந்தது. சத்தம் போடாத பையன் என்பதால் உள்ளே விட்டார்கள். நிறுத்துகடிகாரத்தைக்கூடக் கையில் கொடுத்தார்கள். அக்கா கேள்வி கேட்டுவிட்டு விரல்களை மடக்கி எண்ணுவார். பாடம் கேட்கிறவர் பதில் சொல்லத்தான் அந்த இடம். பிறகு பதில்காரி சரியான பதிலைச் சொல்வார். எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதற்கு அக்கா ஒரு விதி வைத்திருந்தார்: பதில் சொல்ல ஆகும் நேரம், அதோடு, கூச்சப்படுகிறவருக்கு ஒரு மூச்சு கூட.

நான்கு வருடமாக அக்கா ஞாயிறுதோறும் அவருக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தார். மூச்சையும் சேர்த்து.

குறிப்புக் கோப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போனார். முதல் மூன்றரை வருடம் ‘வரட்டுமா’வுக்குப் பின் ஒன்றுமில்லை. விடைபெறும்போது போகிறேன் என்று வாயால் சொல்லாத மொழி நம்முடையது. கிளம்புகிறவர்தான் வரட்டுமா என்பார். கடைசி ஆறு பதிவில் மட்டும், ‘வரட்டுமா’வை அடுத்து ஒரு வெட்டு இருந்தது. ஆறு விநாடி. ஒன்பது. பதினான்கு. இருபத்திரண்டு. முப்பது. நாற்பத்தொன்று.

யாரும் விடைபெற நாற்பத்தொரு விநாடி காத்திருக்கமாட்டார்கள். அது விடைபெறுதல் இல்லை. வீட்டைக் காலி செய்யவேண்டிய அக்கா, தம்பியிடம் வந்து இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். ஆறு வாரம் கேட்டிருக்கிறார். ஆறு வாரமும் இவர் ‘கேட்டேன்’ என்று எழுதியிருக்கிறார். ஒரு வாரம் ‘நலம்’ வேறு.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. ஒரு புது மென்பொருள் எழுதினார். குறிப்பைப் படித்து, வெட்டிய இடத்தில் வெட்டிய அளவுக்கு மௌனத்தைத் திருப்பி வைக்கும். ஒரே வேலை. நாற்பது வரிதான். பெயர் வைக்கவில்லை. கடைசிப் பதிவை அதில் போட்டுக் கேட்டார். திரும்பி வந்தது வெறும் மௌனம். அக்கா வீட்டு மின்விசிறியும், குழாய்ச் சொட்டும், அக்காவின் மூச்சும் அதில் இல்லை. அவற்றையெல்லாம் எறிந்தாகிவிட்டது. இருந்தாலும் அளவு சரியாக இருந்தது.

‘சாப்பிட்டியா?’ என்றார் அக்கா.

“ம்,” என்றார் அவர், சத்தமாக. இன்னும் இரண்டு விநாடி மிச்சமிருந்தது. “சாப்பிட்டேன்.”

இருமலுக்குப் பதில் சொன்னார். ‘யார்கூடயாவது பேசறியாடா?’ என்பதற்கு எட்டு விநாடி போதவில்லை. அதற்குள் ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் ‘வரட்டுமா?’ வந்தது. தனியாக நிற்கும்போது அதன் முடிவு மேலே ஏறுவது தெளிவாகக் கேட்டது. நாற்பத்தொரு விநாடி அந்த அறை எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரிந்தது. பிறகு அக்கா தாழ்ந்த குரலில், ‘சரி, வச்சிடறேன்,’ என்றார்.

தொலைபேசியில் கூப்பிட்டார். அந்தப் பக்கம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக் கிழிக்கும் சத்தம்.

“என்னடா, திங்கக்கிழமை? உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. நீ வரட்டுமான்னு கேட்டியா?”

டேப் சத்தம் நின்றது. “ஆறு வாரம் கேட்டேன்.”

“நான் கேட்டேன்னு எழுதினேன்.”

“ஆமா, எழுதினே. சரி, காதுல விழுந்திருக்கு, சொல்ல இஷ்டமில்லன்னு விட்டுட்டேன். தனியா இருந்து பழகினவன். உனக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கும்ல.”

அவர் வெட்டியைப் பற்றி விளக்கினார். அரை விநாடிக்கு மேல் பேச்சு இல்லையென்றால் என்ன ஆகும், கோப்பு எப்படி மாறும், எல்லாம். அவர் தொடர்ந்து அவ்வளவு பேசி அக்கா கேட்டதில்லை. குறுக்கிடவில்லை.

“அதாவது, உனக்குன்னு நான் விட்ட இடத்தையெல்லாம் வெட்டிப் போட்டுட்டே.”

“மெஷின் வெட்டிச்சு.”

“மெஷினை யாருடா எழுதினது?”

“நான்தான்.”

அக்கா சிரித்தார். வெகுநேரம் சிரித்தார், கண் மூடியிருந்திருக்கும். “முப்பது வருஷம் இடம் விட்டே சோறு தின்னேன். என்கூடப் பொறந்தது அதை வெட்டறதுக்கு மெஷின் பண்ணியிருக்கு. பேரு வேற வெட்டி. நல்லாத்தான் வச்சிருக்கே.”

“இப்ப எங்க போறே?”

“பதில்காரி வீட்டுக்கு. வியாழக்கிழமை லாரி வருது. கீழ்ப்பக்கம் ரெண்டு ரூமை ஒழிச்சு வச்சிட்டா. அவகிட்ட ஒரே தடவைதான் கேட்டேன். நான் கேட்டு முடிக்கல, வான்னுட்டா. அவளுக்கு அதுதானே தொழில்.”

“ம்.”

“நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காதே.”

“ம்,” என்றார். மூன்றாம் மாடி, முட்டி, பிரிண்டர் என்று எத்தனையோ தலைக்குள் ஓடியது. வா என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும் என்று கணக்குப் போட்டதில், சொல்லவேண்டிய விநாடி போய்விட்டது. அக்கா “வைக்கிறேன்” என்று சொல்லி வைத்தார். வரட்டுமா என்று சொல்லவில்லை. அதை அவர் கவனித்தார்.

நான்கு ஞாயிறு கழித்து ஒரு பதிவு வந்தது. வெட்டியை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். துணியை மடிக்காமல் ஒதுக்கிவைத்துவிட்டு, பதில்களோடு தயாராக உட்கார்ந்து கேட்டார். புது வீடு, நல்ல வெளிச்சம், முட்டி பரவாயில்லை.

‘சாப்பிட்டியா?’ என்றார் அக்கா.

அவர் வாயைத் திறப்பதற்குள் சமையலறைப் பக்கமிருந்து ஒரு குரல், ‘ஆச்சு, ஆச்சு.’

‘உன்னை இல்லடி, தம்பியைக் கேட்டேன்.’

‘அவர் எங்க பதில் சொல்லப்போறார்?’ என்றது பதில்காரியின் குரல். பாடங்களில் வரும் அதே தெளிவான உச்சரிப்பு. இரண்டு அம்மாக்களும் சிரித்தார்கள்.

இருமலுக்கும் பதில்காரிதான் பதில் சொன்னார். மழைக்கும் அவர்தான். கேள்வியின் வால் மறைவதற்குள் பதில். நம்மவர் தன் பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு, பேருந்து நிற்காமல் போகும் நிறுத்தத்தில் நிற்பவர்போல உட்கார்ந்திருந்தார். ஒரு ஆவலில் பதிவின் பிரதி ஒன்று எடுத்து வெட்டியில் போட்டுப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிரதி எடுத்தார். வெட்ட முடிந்தது மூன்று சதவீதம்.

அந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்தது. ‘சரி தம்பி. வரட்டுமா?’ அதற்குப் பதில்காரி ஒன்றும் சொல்லவில்லை. அது தன் கேள்வி இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மின்விசிறி ஓடும் சத்தம். தூரத்தில் ஒரு பாத்திரம். அக்காவின் மூச்சு. பதினெட்டு விநாடி. அது எந்த வரட்டுமா என்று சொல்ல எந்த மென்பொருளாலும் ஆகாது.

“வா,” என்றார் அவர், மேஜையைப் பார்த்து. பதிவு முடிந்துபோயிருந்தது.

எழுந்து பிரிண்டரை நாற்காலியிலிருந்து தூக்கித் தரையில் வைத்தார். நாற்காலியைத் துடைத்து மேஜைக்கு எதிரே போட்டார். வெட்டி நின்றுதான் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டார். பிறகு செல்பேசியை எடுத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தி, “வா,” என்றார். நிறுத்தவில்லை. ஒவ்வொரு விரலாக மடக்கினார். அக்கா பதில் சொல்ல ஆகும் நேரம்; அதோடு ஒரு மூச்சு. யாருடைய கூச்சத்துக்கு என்று அவர் யோசிக்கவில்லை. பிறகு நிறுத்தி, ஃபோல்டரில் போட்டார்.

மொத்தம் பதினேழு விநாடி. அவருடைய சொந்தக் கணக்குப்படி, அதில் தொண்ணூற்றேழு சதவீதம் வெட்டி எறியத்தக்கது.